உலர்துறையில் ஒரு போர்க்கப்பல்

கடலில் மிதக்கும் கப்பலைக் கரையில் நின்று காண்பவர் அதன் மேற்பாதியை மட்டுமே காண்கிறார். ஏராக்கட்டையும், அதிலிருந்து விலா எலும்புகள்போல் எழும் வங்குகளும், அவற்றின்மேல் அறைந்த பலகைகளின் பெரும்பகுதியும் நீருக்குள் மறைந்து கிடக்கின்றன. கட்டியவனின் திறமை எல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதனை முழுமையாகக் காண வேண்டுமாயின் கப்பல் உலர்துறைக்கு வந்தாக வேண்டும். துறைமுகத் தொழிலாளர் 'டிரை டாக்' என்று வழங்குவது இதனையே.

நம்மிடம் சிறு வயதில் ஓதிய மாணவர் ஒருவர், பம்பாயில் பல ஆண்டுகள் மரவேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். ஒருநாள் மாலை நம் இல்லத்துக்கு வந்தவர், "ஹஜ்ரத், ட்ரிங்கோமலி என்னும் போர்க்கப்பலைப் பம்பாய் உலர்துறையில் கட்டி நிறுத்தியிருந்த கோலத்திலேயே சிறிதாகச் செய்து பார்க்க ஆசை. சரித்திரத்தை நீங்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார். நமக்குக் கப்பல் தச்சு தெரியாது. ஏடுகளைப் புரட்டத் தெரியும். அவர் கையும் நம் கண்ணுமாகப் பதினொரு மாதங்கள் கழிந்தன. அக்காலத்தில் நாம் கண்டறிந்தவற்றையும், நம் மனத்தை உறுத்தியவற்றையும் வாசக நேயர்கள் முன் வைக்கிறோம்.

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய இக்கப்பல் 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் பம்பாயில் நீரில் இறங்கியது. முழுவதும் மலபார்த் தேக்கு. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா என்ற பார்சித் தலைமைத் தச்சர். அவருடைய முன்னோரான லவ்ஜி நுஸர்வான்ஜி 1736இல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வரவழைக்கப்பட்டவர். அன்று தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் அக்குடும்பத்தாரே அங்குத் தலைமைத் தச்சர்களாக விளங்கினர்.

கப்பலின் வரைபடத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1782ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் திருகோணமலைக்கு அப்பாலுள்ள கடலில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். அதற்கு மறுநாள், எங்கோ தொலைவில் பிரெஞ்சுக் கரையருகே, 'எபே' என்னும் புத்தம்புதிய பிரெஞ்சுக் கப்பல் ஒன்று ஆங்கிலேயரிடம் பிடிபட்டது. அதன் உடலமைப்பைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் அதனை அளந்து படமாக்கிக்கொண்டனர். அந்தப் படத்தைக் கொண்டு ஒரு வரிசைக் கப்பல்களையே கட்டலாயினர். அவ்வரிசையில் ஒன்றே ட்ரிங்கோமலி. முதல் நாள் போரின் ஊர்ப்பெயரும், மறுநாள் பிடிபட்ட கப்பலின் உருவமும் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஒரே மரக்கலத்தில் கூடியதை என்னென்பது!

படங்கள் பம்பாய் வந்து சேர்ந்ததும் எளிதாக நடந்துவிடவில்லை. அவற்றை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பலை 1812 டிசம்பர் 29ஆம் நாள் பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பலான 'கான்ஸ்டிடியூஷன்' தாக்கி வென்று எரித்துவிட்டது. பம்பாயில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த வேறொரு கப்பலுக்கு உரிய செம்பும் அதில் இருந்தது. படங்களை மீண்டும் எழுதி அனுப்ப வேண்டியதாயிற்று. 1816இல்தான் ஏராக்கட்டை வைக்கப்பட்டது. பார்சிகளின் வழக்கப்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அறையப்பட்டதாகக் கூறுவர்.

பம்பாய்க்கு இத்தொழில் வாய்த்ததற்குக் காரணம் அதன் ஓதம். வாவுக் காலங்களில் அங்குக் கடல் நான்கு மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். உலர்துறை என்பது கரையைக் குடைந்து கருங்கல்லால் கட்டிய நீண்ட பள்ளம். ஓதம் ஏறும்போது கதவைத் திறந்து கப்பலை உள்ளே விடுவர். வற்றும்போது மதகுகள் வழியே நீர் வடிந்துவிடும். கதவை அடைத்துவிட்டால் கப்பல் வரிசையாக அடுக்கிய கட்டைகளின்மேல் அமர்ந்துவிடும். அது சாயாமல் இருக்க, இருமருங்கிலும் உள்ள கற்படிகளிலிருந்து முட்டுக்கால்கள் கொடுப்பர். பம்பாயின் முதல் உலர்துறை 1750இல் அமைந்தது. அங்குப் பெரிய கப்பல்களைப் பழுது பார்த்ததோடன்றித் துறைக்குள்ளேயே புதிதாகக் கட்டி, கதவைத் திறந்து நீரை விட்டு மிதக்கச் செய்தனர்.

இவ்விடத்தில் நம் தொழிலுக்குரிய ஒரு சிறு விலகல். கப்பல் கட்டும் இடத்தை அரபியர் 'தாருஸ் ஸினாஆ' என்றனர். தொழிற்கூடம் என்பது பொருள். அச்சொல்லே இத்தாலியர் வாயில் 'தார்ஸேனா' என்றும் 'அர்ஸெனாலே' என்றும் திரிந்தது. ஆங்கிலேயர் படைக்கலச் சாலைக்கு வழங்கும் 'ஆர்ஸனல்' அதன் பேரப்பிள்ளை. 'அட்மிரல்' என்பதில் 'அமீர்' ஒளிந்திருப்பதைப் பலரும் அறிவர். பலகை இடுக்குகளில் பஞ்சும் கயிற்றுச் சிம்பும் திணித்து நீர் புகாமல் அடைப்பதை நம் கடற்கரைத் தச்சர் 'கலப்பத்து' என்கின்றனர். அரபியில் அது 'கல்ஃபத'. யாரிடமிருந்து யார் பெற்றார் என்பதை மொழிநூலார் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கட்டும்.

மாதிரிக்கு வருவோம். நம் மாணவர் ஓர் அடியை எட்டில் ஓர் அங்குலமாக, அதாவது 1:96 என்ற விகிதத்தில் சுருக்கினார். பீரங்கித் தட்டின் நீளம் ஏறத்தாழ 45.8 மீட்டர், மாதிரியில் அது 48 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் 12.7 சென்டிமீட்டர். மனிதன் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் உயரம் நிற்பான். பழைய கதவொன்றின் தேக்கைச் சீவி, மூன்று மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பலகைகளாக்கி, நீரில் ஊறவைத்து வளைத்து ஒட்டினார். அணியத்தருகே பலகைகள் வளையும் இடம் மிகத் தொல்லை தந்தது. முறிந்த பலகைகள் ஒரு தகர டப்பாவை நிரப்பின.

அவருக்குப் பாய்மரங்களை நிறுத்தி, பாய்களையும் விரித்துவிட ஆவல். பாய்மரம் இல்லாத கப்பலை யார் நின்று பார்ப்பார் என்று கேட்டார். கட்டி முடியும் நிலையிலுள்ள கப்பலுக்குப் பாய்மரம் இல்லை, பீரங்கி இல்லை; அவை எல்லாம் மிதந்த பிறகு ஏறுபவை என்று எடுத்துச் சொன்னோம். அரைமனத்துடன் ஒப்புக்கொண்டார். ஆனால் பெரிய பிழையொன்று நம் இருவர் கண்ணிலும் படாமல் போயிற்று. இன்றைய கப்பலின் நிழற்படங்களைப் பார்த்து அவர் பின்புறத்தை வளைவாகச் செய்திருந்தார். ஏழாம் மாதத்தில்தான், 1840களில் அக்கப்பலை மாற்றியமைத்தபோது அதன் பின்புறத்தின் வடிவமும் மாற்றப்பட்டது என்ற செய்தியைப் படித்தோம். 1817இல் அது சதுரமாக அன்றோ இருந்திருக்க வேண்டும்! சரித்திரம் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நாம்; பிழை நம்முடையது. மாணவர் ஒன்றும் பேசவில்லை. வெந்நீர் வைத்துப் பசையை இளக்கி, ஒரு மாத உழைப்பைப் பலகை பலகையாகக் கழற்றினார்.

அடுத்துத் துறைக்குள் ஆட்களை நிறுத்தும் வேலை. முதலில் அவர் செய்த உருவங்களில் தொப்பியணிந்த வெள்ளை அதிகாரிகளே மிகுதி. படங்களில் அப்படித்தான் இருக்கிறது என்றார். படம் எழுதியவர் யார் என்று கேட்டோம். கடைசியில் அறுபத்திரண்டு உருவங்களில் அதிகாரிகள் இருவரே எஞ்சினர். மற்றையோர் மரம் அறுப்போர், இழைப்போர், கலப்பத்துச் செய்வோர், முட்டுக்கால் சுமப்போர். நடுவே நீண்ட வெள்ளை அங்கியில் தலைமைத் தச்சர்.

ஜம்ஷெட்ஜியைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. 1800ஆம் ஆண்டளவில் தாம் கட்டிய கப்பலொன்றின் அடிமரத்தில், 'இது ஒரு பாழாய்ப்போன கறுப்பனால் கட்டப்பட்டது' என்று அவர் செதுக்கி வைத்தாராம். பல்லாண்டுகள் கழித்து அக்கப்பல் பழுது பார்க்கத் துறைக்கு வந்தபோது, அவரே அதைச் சுட்டிக்காட்டினாராம். தம்மை அவர்கள் அழைத்த சொல்லையே அவர்கள் கப்பலின் வயிற்றுக்குள் எழுதிவைத்த அந்த நகைப்பில் உள்ள கசப்பை நம்மால் மறக்க முடியவில்லை.

இதைக் கேட்டபின் மாணவருக்குக் கப்பலின்மேல் பெருமிதம் பொங்கிற்று. நமக்கோ அது முழுமையாக வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். 1827 அக்டோபர் 20ஆம் நாள் நவரினோ விரிகுடாவில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் ஆகியோரின் கூட்டுக் கடற்படை உதுமானிய எகிப்தியக் கப்பல்களை அழித்தது. அன்று அட்மிரல் காட்ரிங்டன் ஏறியிருந்த 'ஆசியா' என்னும் கப்பல் 1824இல் பம்பாயில் கட்டப்பட்டது. அதே குடும்பம், அதே தேக்கு. 1842 ஆகஸ்ட் 29ஆம் நாள், அபினிப் போரில் தோற்ற சீனர் நான்கிங் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது 'கார்ன்வாலிஸ்' என்ற கப்பலின்மேல். அதுவும் 1813இல் பம்பாயில் கட்டியதே. நம் மண்ணின் மரமும் கையும் யாருக்கு உழைத்தன என்ற கேள்வியைச் சிற்றுருவிலும் தள்ளிவிட இயலாது. தச்சன் மீது பழியில்லை. ஆனால் அக்கப்பலைப் பார்க்கும்போது அதன் கைவண்ணத்தை மட்டும் பார்க்க நம் கண் மறுக்கிறது. மாணவர் இதனை ஏற்கவில்லை. இன்னும் ஏற்கவில்லை.

ட்ரிங்கோமலி 1897இல் விற்கப்பட்டு, வேறு பெயருடன் 1986 வரை பயிற்சிக் கப்பலாக இருந்தது. 1990இல் தொடங்கிப் பத்தாண்டுகளுக்கு மேல் அதனைச் செப்பனிட்டனர். 1992இல் பழைய பெயரையும் மீட்டனர். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. ஓக் மரத்தின் புளிப்பு இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய் அதைக் காக்கும். இருநூறு ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாதிரி செய்வது பிள்ளை விளையாட்டு என்று நம் நண்பர் ஒருவர் நகைத்தார். பதினேழாம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலக் கடற்படையார் 1:48 விகிதத்தில், கீழ்ப்பலகைகளை ஒட்டாமல் வங்குகள் தெரியும்படி மாதிரிகள் செய்வித்து வந்தனர். மூலக் கப்பல்கள் மூழ்கியும் எரிந்தும் போயின. அவற்றின் வடிவம் அம்மாதிரிகளில் நிற்கிறது. நம் கீழைக் கடற்கரையில் மரக்காயர் செலுத்திய தோணிகளைக் கட்டிய ஓடாவிகளோ காகிதத்தில் படம் எழுதவில்லை, மாதிரியும் செய்து வைக்கவில்லை. கண்ணும் கயிறுமே அவர்களுடைய ஏடுகள்.

வேலை முடிந்ததும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் காட்சிக்கு வைத்தோம். பிள்ளைகள் பாய்மரம் எங்கே என்று கேட்டபோது மாணவர் நம்மைத் திரும்பிப் பார்த்தார். மறுநாள் பிற்பகல் வயது முதிர்ந்த ஓடாவி ஒருவர் பேரன் தோளைப் பற்றியவாறு வந்தார். மேல்தட்டை அவர் ஏறெடுத்தும் பாராமல் மேசை விளிம்புக்குக் கண்ணைத் தாழ்த்தி, ஏராக்கட்டையின் கீழே நெடுநேரம் நோக்கினார். பிறகு, "தம்பி, கலப்பத்துக்காரன் கொட்டாப்புளியை இவ்வளவு ஓங்கமாட்டான். மெல்லத்தான் தட்டணும். ஓங்கினால் பலகை விலகும்" என்றார்.

"மாற்றிவிடுகிறேன் அத்தா" என்றார் மாணவர்.

"எங்க வாப்பா கட்டின தோணி ஒண்ணு இருந்துச்சு. அதைச் செய்வியா?"

மாணவர் உடனே குறிப்பேட்டை எடுத்து, அதன் நீள அகலம் என்ன என்று கேட்டார். முதியவர் சற்று யோசித்தார். பின்னர் பேரன் தோளிலிருந்து கையை எடுத்து, மேசையின்மேல் சாண் விரித்து வைத்து, "எழுதிக்க" என்றார்.