இருக்கைக்குள் மறையும் முத்திரை

சோபாவுக்கு உறைத்துணி தேர்ந்தெடுப்பதை ஒரு வரலாற்றுச் செயலாக நாம் எண்ணுவதில்லை. நிறம், விலை, அழுக்குத் தாங்குமா என்ற கவலை ஆகியவற்றோடு நம் ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலிலுள்ள வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில் நெய்யப்படும் 'ஹாரிஸ் ட்வீட்' கம்பளியின் கதையை வாசிக்கையில், துணியின் அகலம் ஒரு தொழிலின் ஆயுளையே தீர்மானிக்கக்கூடும் என்பது நமக்குப் புலப்படுகிறது.

தீவு மக்கள் தம் கேலிக் மொழியில் இதனைப் 'பெரிய துணி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆட்டு மயிரை வீட்டிலேயே நூற்று, பாறைகளில் படரும் பாசியினத்தைச் சுரண்டி எடுத்துச் சாயமேற்றினர். நெய்த துணியைப் பெண்கள் ஒரு பலகையைச் சுற்றி அமர்ந்து, பாடிக்கொண்டே அடித்து இறுக்கினர். முதலில் இது குடும்பத்தின் குளிருக்கான துணி. 1840களில் ஹாரிஸ் தீவின் பண்ணை உரிமையாளர் குடும்பத்தைச் சேர்ந்த டன்மோர் சீமாட்டி, தம் குலத்துக் கட்ட வடிவத்தை உள்ளூர் நெசவாளர்களைக் கொண்டு நெய்வித்துத் தம் வட்டாரத்துப் பிரபுக்களிடையே பரப்பினார். உருளைக்கிழங்குப் பஞ்சம் வாட்டிய காலத்தில் தறி பலருக்குச் சோறு போட்டது.

பெயர் பரவியதும் போலிகள் முளைத்தன. எனவே உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை பதிவு செய்யப்பட்டு, 1911 முதல் துணியில் குத்தப்பட்டது. 1934இல் தீவு ஆலைகளில் நூற்ற நூலுக்கும் இடம் கிடைத்தது. 1964இல் எடின்பரோ நீதிமன்றம், எல்லாப் படிகளும் தீவுகளுக்குள்ளேயே நடந்தாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1966இல் உற்பத்தி 70 லட்சம் கெஜத்தைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது.

அதன்பின் வீழ்ச்சி. வீட்டுக் கொட்டகையில் காலால் மிதித்து இயக்கும் தறியில் சுமார் 75 சென்டிமீட்டர் அகலத்துக்குத்தான் நெய்ய முடியும். மேலங்கிக்கு அது போதும். அகன்ற இருக்கைக்கோ நடுவே தையல் விழும். சந்தையும் அகன்ற துணியையே கேட்கத் தொடங்கியது. 1970களின் நடுவில், ஆலைகளில் விசைத்தறி வைத்து இரட்டை அகலத்தில் நெய்யலாம் என்ற யோசனை வந்தபோது நெசவாளர்கள் வாக்களித்து மறுத்தனர். வீட்டை விட்டுத் தறி வெளியேறினால் மிஞ்சுவது பெயர் மட்டுமே என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மறுப்புக்கு அவர்கள் கொடுத்த விலையும் சிறிதன்று.

1990களில் மிதித்தே இயக்கக்கூடிய இரட்டை அகலத் தறி வந்தது. 150 சென்டிமீட்டர் துணி வீட்டிலேயே சாத்தியமாயிற்று. 1993இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தனிச்சட்டம், தீவுவாசிகள் தம் இல்லங்களில் கையால் நெய்த துணிக்கே இப்பெயர் உரியது என வரையறுத்தது. ஒரு துணிக்கு இலக்கணம் வகுக்கும்போது 'இல்லம்' என்ற சொல்லும் அதில் இடம்பெற்றது.

ஆனால் சட்டத்தால் வேலை தர முடியாது. 2006க்குப் பின் அங்கிருந்த பெரிய ஆலையொன்று ஆயிரக்கணக்கான வடிவங்களை நான்காகச் சுருக்கியபோது பல தறிகள் ஓய்ந்தன. 2007இல் லூயிஸ் தீவின் ஷாபோஸ்ட் ஆலை மீண்டும் திறந்தது. 2009இல் கிளாஸ்கோவில் திறக்கப்பட்ட ஒரு விடுதி, தன் அறைகளுக்கும் இருக்கைகளுக்கும் இத்துணியை ஏராளமாக வாங்கியது. மேலங்கிகள் கைவிட்ட இடத்தில் நாற்காலிகள் கைகொடுத்தன.

இருக்கைக்கு இது பொருந்துவதற்கும் காரணம் உண்டு. நூற்பதற்கு முன்பே சாயமேற்றிப் பல நிற மயிர்களைக் கலப்பதால், ஓர் இழையிலேயே பல வண்ணங்கள் உறைந்திருக்கும். சிறு கறைகள் கண்ணை உறுத்துவதில்லை. கம்பளி எளிதில் தீப்பற்றாது. எனினும் வாங்குவோர், அது சட்டைக்கான மென்ரகமா, உராய்வு தாங்கும் கனரகமா என்று கேட்டறிய வேண்டும். வெயிலும், மெத்தை இடுக்கில் குடியேறும் அந்துப்பூச்சியும் இதன் பகைவர்கள்.

அந்த முத்திரை துணியின் பின்புறத்தில்தான் குத்தப்படுகிறது. உறையாகத் தைத்து இருக்கையில் பொருத்தியபின் அது பஞ்சின் பக்கம் திரும்பி மறைந்துவிடும். விருந்தினர் எவரும் அதைக் காணப்போவதில்லை. தேர்ந்தெடுத்தவருக்கு மட்டும், தாம் எதன்மேல் அமர்ந்திருக்கிறோம் என்பது தெரியும்.