நாடா முடிந்ததை இயந்திரம் எப்படி அறிந்தது?

கசட் வருவதற்கு முந்திய ரீல் டேப் ரெக்கோடர்கள் இன்னும் சில வீடுகளில் அலுமாரிக்கு மேல் கிடக்கின்றன. "ஓடுது, ஆனா நிக்குதில்ல", "பட்டனை அமத்தினா அசையுதே இல்ல" என்று சொல்லி அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறோம். மோட்டார் போய்விட்டது என்று நினைக்கிறோம். சில இயந்திரங்களில் போயிருப்பது ஒரு சின்ன மின்குமிழ் மட்டுமே. அது அங்கே வந்த கதையைப் பார்ப்போம்.

1928இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஃப்ளோய்மர் காகிதப் பட்டியில் இரும்புத் தூளை ஒட்டி ஒலியைப் பதிய வழி கண்டார். 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏஇஜி நிறுவனம் மக்னெட்டோஃபோன் என்ற இயந்திரத்தைக் காட்டியது. யுத்தத்துக்குப் பிறகு இவை வீடுகளுக்கும் வந்தன. வானொலி நிலையத்தில் என்றால் பக்கத்தில் ஒருவர் இருந்து கவனிப்பார். வீட்டில் பாட்டைப் போட்டுவிட்டு ஆள் குசினிக்குப் போய்விடும்! நாடா முடிந்ததும் அதன் நுனி இடது ரீலை விட்டுக் கழன்று, வலது ரீலோடு சேர்ந்து படபடவென்று அடித்துக்கொண்டே சுற்றும். ஆகவே முடிவை இயந்திரமே அறிய வேண்டியிருந்தது.

சிலர் நாடாவின் நுனியில் உலோகத் தாள் ஒட்டினார்கள். அது இரண்டு முனைகளைத் தொட்டதும் மின்சுற்று பூர்த்தியாகும். வேறு சிலர் நாடாவின் இழுவையில் நிற்கும் ஒரு கையை வைத்தார்கள். நாடா போனால் கை விழும், சுவிட்ச் அணையும்.

சுவிட்சர்லாந்தின் ரெவொக்ஸ் நிறுவனம் 1967இல் வெளியிட்ட ஏ77 இயந்திரத்தில் வெளிச்சத்தைப் பயன்படுத்தினார்கள். நாடாவின் ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் எங்கள் விஞ்ஞான பாடத்தில் வருகின்ற அதே ஒளியுணர் தடையி. நாடா இருக்கும்வரை அது நிழலில் இருக்கும். நாடா போனதும் வெளிச்சம் விழும், தடை குறையும், இயந்திரம் நிற்கும். எதுவும் நாடாவைத் தொடுவதில்லை, தேய்வதுமில்லை. கெட்டித்தனமான யோசனைதான்.

ஆனால் இயந்திரத்துக்கு நாடா தெரியாது, இருட்டு மட்டுமே தெரியும். குமிழ் பியூஸ் போனால் அதன் கணக்கில் நாடா எப்போதும் இருக்கிறது, அதனால் நிற்காது. ஜன்னல் வெயில் நேரே அந்த இடைவெளியில் விழுந்தாலோ, ஒளி ஊடுருவும் நாடாவைப் போட்டாலோ, நாடா இல்லை என்று நினைத்து நின்றுவிடும். இரண்டிலும் மோட்டாருக்கு ஒரு குறையும் இல்லை.

சோதிப்பது லேசு. நாடா இல்லாமல் பிளே பட்டனை அமத்துங்கள். ரீல் சுற்றினால் குமிழைப் பாருங்கள். சுற்றாவிட்டால் இடைவெளியைக் கறுப்புக் கடதாசியால் மறையுங்கள். அப்போது சுற்றினால் உணரி நல்லாக இருக்கிறது. மூடியைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் நாட்டு ஈரலிப்பையும் மறக்கக் கூடாது. 1970களிலும் 80களிலும் வந்த சில நாடாக்களின் பசை ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். ஓடவிட்டால் கீச்சென்று சத்தம் வரும், மண்ணிறப் படிவு வழியெல்லாம் ஒட்டும். அது உணரியின் கண்ணையும் மறைக்கலாம். அப்படியான நாடாவை மேற்கொண்டு ஓட்டினால் பதிவும் உரிந்து போகும்.

எனவே முதலில் வேண்டாத நாடா ஒன்றைப் போட்டுக் கடைசிவரை ஓடவிட்டு, தானாக நிற்கிறதா என்று பாருங்கள். மூத்த வாப்பாவின் குரல் இருக்கும் நாடாவை அதற்குப் பிறகு எடுக்கலாம்.