தட்டைப் படுக்கை இருக்கை

நெடுந்தொலைவு விமானங்களின் பிசினஸ் வகுப்பில், முழுதும் சாய்ந்து கிடைமட்டப் படுக்கையாக மாறும் இருக்கை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் இதை 1990களின் நடுவில் முதல் வகுப்பிலும், 2000-இல் தன் பிசினஸ் வகுப்பான ‘கிளப் வேர்ல்டி’லும் கொண்டுவந்தது. கிளப் வேர்ல்டில் அடுத்தடுத்த இருக்கைகள் எதிரெதிர்த் திசை நோக்கியிருந்ததால், சன்னலோரப் பயணி வெளியே வர, பக்கத்தில் படுத்திருப்பவரின் காலைத் தாண்ட வேண்டியிருந்தது. இரவுப் பயணத்தில் இது சிறிய குறையல்ல. 2019-இல் ஏ350 விமானத்தில் வந்த ‘கிளப் ஸ்வீட்’ இதைத் தீர்த்தது: வரிசைக்கு 1-2-1 அமைப்பு, எல்லோருக்கும் நேரே நடைவழி, மூடும் கதவு. கதவுள்ள பிசினஸ் இருக்கையைக் கத்தார் ஏர்வேஸ் ‘கியூஸ்வீட்’ என்ற பெயரில் 2017-லேயே அறிமுகப்படுத்தியிருந்தது. அதன் நடு இருக்கைகள் சிலவற்றை இணைத்து இரட்டைக் கட்டிலாக்கலாம்.

புதுப்பித்தல் மெதுவாகவே நடக்கும். புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு விசையைத் தாங்கும் சோதனையில் இருக்கை தேற வேண்டும். பிறகு ஒவ்வொரு விமானமாகச் சேவையிலிருந்து நிறுத்தி மாற்ற வேண்டும். அதனால் ஒரே நிறுவனத்தில் பழையதும் புதியதும் பல ஆண்டுகள் சேர்ந்தே பறக்கின்றன.

ஒப்பிடும்போது இருக்கை இடைவெளி என்னும் பழைய அளவு இங்கே ஏமாற்றும். கால் முன்னிருக்கையின் பக்கமேசைக்கு அடியில் நீள்கிறது. படுக்கையின் நீளம், தோளகலம், கால்குழியின் அகலம் ஆகியவையே சரியான அளவுகோல்கள். பயணச்சீட்டு எடுக்கும்முன் நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பாமல், விமான வகையையும் இருக்கை வரைபடத்தையும் பார்த்துவிடுங்கள்.