திலகவதியார் துயர் ஆற்றிய திறம்

பிரிவுகளுள் மரணத்தால் நேரும் பிரிவே ஆற்றுதற்கரியது. அது நேர்ந்த மனையிற் புகுவோர், யாக்கை நிலையாதென்றும் எல்லாம் வினைப்பயனென்றும் உடனே எடுத்துரைத்தல் வழக்கமாயிருக்கின்றது. அவ்வுரை மெய்யேயாயினும், துயருற்றார் நெஞ்சில் அது புகுதற்குக் காலம் வேண்டும். அதுகாறும் அவரைத் தாங்குவது யாதென்பதைத் திலகவதியார் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

இவ்வம்மையார், கி. பி. 7-ஆம் நூற்றாண்டில் விளங்கிய திருநாவுக்கரசு சுவாமிகளின் தமக்கையாராவர். சுவாமிகள் சமண் சார்ந்ததும் சூலைநோயுற்றதும் அவர்தம் தேவாரத்தினின்றே அறியப்படும். குடும்ப வரலாற்றின் விரிவு, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணத்தால் தெரியவருவது.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் மக்களாய்த் தோன்றியவர் இவ்விருவர். தமக்கையார்க்கு வயது 12 ஆனபொழுது, படைத்தலைவராகிய கலிப்பகையார்க்கு அவரை மணஞ்செய்விக்கப் பெற்றோர் இசைந்தனர். மணம் நிகழுமுன் கலிப்பகையார் வடபுலத்தாரொடு பொருதற்குச் சென்றார். இதற்கிடையில் புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் பிரிவாற்றாது உயிர்நீத்தார். சுற்றத்தார் தேற்ற, மக்களிருவரும் ஒருவாறு தேறி இறுதிக்கடன்களைச் செய்து முடித்தனர். பின்னர்க் கலிப்பகையார் போர்க்களத்து மாண்ட செய்தியும் வந்தது.

பெற்றோர் இசைந்தமையால் தாம் அவர்க்கே உரியரெனக் கருதிய அம்மையார் உயிர்விடத் துணிந்தார். அப்பொழுது அவரைத் தடுத்தது சாத்திரமன்று, பெரியோர் அறிவுரையுமன்று. மருணீக்கியாரென்னும் பெயருடைய அவ்விளந்தம்பியார் அடிவீழ்ந்து அழுதார். தாய்தந்தையரை இழந்தபின்னும் தாம் உயிர் தரித்திருப்பது தமக்கையாரைத் தொழலாம் என்பது பற்றியே என்றும், அவரும் நீங்குவாராயின் தாம் முன்னரே இறப்பதாகவும் கூறினார். தம்பி வாழவேண்டும் என்னும் இரக்கத்தால் அம்மையார் உயிர் தாங்கி, எவ்வுயிர்க்கும் அருள்செய்து, மனையிலிருந்தே தவம் புரிந்தார்.

அவர் துயர் அன்று தீர்ந்திலது. தம்மையே பற்றிநின்ற ஓருயிரின் பொருட்டு அதனைச் சுமக்க இசைந்தார், அவ்வளவே. தேற்றியவரும் தம் துயரை மறைத்துத் தேற்றினாரல்லர்.

மருணீக்கியார் வளர்ந்தபின், நிலையாமையுணர்ந்து அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தலும் அமைத்தார். பின்னர்ச் சமணம் புகுந்து தருமசேனர் எனப்பட்டார். மீண்டும் தனித்த அம்மையார், கெடிலக்கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, நாடோறும் வைகறையில் அலகிட்டு, மெழுகி, மலர்தொடுத்துப் பணிசெய்தார். கைகள் திருப்பணியில் நிற்க, நெஞ்சம் தம்பியார் மீட்சியை இறைவனிடம் வேண்டிநின்றது.

சூலைநோயால் வருந்திய தம்பியார் ஓரிரவில் வந்து அடிவீழ்ந்தபொழுது, அம்மையார் பிரிந்துபோனமை பற்றி ஒன்றும் பழித்திலர். ஐந்தெழுத்தோதித் திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே தேவாரம் பிறந்தது. முன்னர் அத்துயர்நாளிலே அம்மையார் உயிர்விட்டிருப்பின், அந்த இரவில் தம்பியாரை ஏற்றுக்கொள்ள யாவர் இருந்திருப்பர்?

ஆதலின், இழந்தாரைக் காணச் செல்வோர் தத்துவங் கூற விரையாதொழிக. உடனிருந்து கடன்களுக்குத் துணைசெய்க. அவர் அழுங்கால் அழவிடுக. அவரால் ஆகவேண்டியதொன்று இவ்வுலகில் இன்னும் உண்டென்பதை அன்பினால் உணரச்செய்க. திருவருள் துயருற்றார்க்கு உற்றாருள் ஒருவர் வாயிலாகவும் வந்து துணைநிற்கும் என்பது இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது.