தோட்டத்து வாசலில் நின்றுபோன சபை

மலையக மக்களின் வாக்குரிமை பறிபோன கதையைச் சொல்ல வருகின்றவர்கள் பெரும்பாலும் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்திலிருந்துதான் ஆரம்பிக்கின்றார்கள். அது பிழையன்று. எனினும் கதை அதற்கு முன்னரே ஆரம்பமாகிவிட்டது. நாட்டை ஆள்வோரைத் தெரிவு செய்யும் வாக்கை இழப்பதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே, ஊர்ப் பாதையையும் கிணற்றையும் பற்றித் தீர்மானிக்கும் வாக்கு தோட்டத்து மனிதனுக்கு மறுக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்ற வாக்கு திரும்பி வந்த பிறகும் உள்ளூர்ச் சபை அவனுடைய லயத்துக்கு வந்து சேரவில்லை. இந்தச் சின்ன வாக்கின் வரலாறு பெரிய வாக்கின் நிழலில் மறைந்து கிடக்கின்றது.

நான் கற்பிக்கும் பாடசாலை நோட்டன் பிரிட்ஜுக்கு அண்மையில் உள்ளது. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை, அதனருகே சிறிய பஸார், சுற்றிலும் தேயிலை மலைகள். பொறியியலாளர் விமலசுரேந்திர கண்ட கனவின் பயனாக 1950இல் லக்ஷபானவில் மின்சாரம் பிறந்தது இந்தத் தண்ணீரினால்தான். அணைக்கு மேலேயிருந்த லயங்களில் விளக்கெரிய அதன் பின்னரும் நெடுங்காலம் சென்றது. பஸாரிலிருந்து தோட்டத்துக்குள் ஏறும் பாதையில் ஓரிடத்தில் தார் முடிந்து கல் தொடங்கும். அந்த இடம் எதுவென்று எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மழை நாட்களில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடிக்கின்ற இடம் அது. அந்தக் கோட்டுக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு.

1931இல் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் சர்வசன வாக்குரிமை வந்தது. இந்திய வம்சாவளியினருக்கு நிரந்தர வதிவை நிரூபிக்கும் நிபந்தனைகள் இருந்தபோதிலும் கணிசமானோர் வாக்காளராயினர். அட்டன் தொகுதி பெரி. சுந்தரத்தை அரசாங்க சபைக்கு அனுப்பியது, அவர் அமைச்சருமானார். 1936இல் அதே தொகுதி கோ. நடேசய்யரை அனுப்பியது. ஆக, சட்டமியற்றும் சபைக்கு ஆள் அனுப்பத் தகுதியுள்ளவனாகத் தோட்டத் தொழிலாளி கருதப்பட்டான்.

ஆனால் கிராமச் சங்கத்துக்கு? 1889ஆம் ஆண்டின் கிராமச் சமூகக் கட்டளைச் சட்டம் ஐரோப்பியர், பறங்கியர், இந்தியத் தோட்டத் தொழிலாளர் ஆகியோரைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருந்தது. 1937இல் அதனைத் திருத்த முற்பட்டபோது முதலிருவரையும் உள்ளே அழைத்து, மூன்றாமவனை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். இந்திய அரசாங்கம் ஆட்சேபித்தது. அதற்குக் கண்ட பரிகாரம் விசித்திரமானது. ‘இந்திய’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் எவருக்கும் வாக்கில்லை என்று எழுதினார்கள். தோட்டத்தில் வசிக்கும் தொழிலாளர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. சட்டத்தின் சொற்களிலிருந்து இனம் போய்விட்டது. லயம் மட்டும் நின்றுகொண்டது.

இதற்குப் பின்னே ஓர் அச்சமும் இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்டிக் கிராமத்தவன் தன் மேட்டு நிலத்தைக் கோப்பிக்கும் தேயிலைக்கும் இழந்தவன். தோட்டத்து வாக்குகள் சேர்ந்தால் தன் கிராமச் சங்கமும் கைவிட்டுப் போகும் என்று அவன் பயந்தான். அந்தப் பயத்தை அரசியல்வாதிகள் பயன்படுத்திக்கொண்டனர். தோட்டத்துரைமாருக்கும் இதில் மனக்குறை இருந்திருக்கக் காரணமில்லை. வீடு, தண்ணீர், மருந்து எல்லாம் தோட்டமே கொடுக்கும், வெளியார் தலையிட வேண்டாம் என்பது அவர்களது முறை. நிலத்தை இழந்தவனும் நிலமே இல்லாதவனும் இவ்வாறு எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். நிலத்தை எடுத்தவன் பற்றிப் பேச்சு எழவில்லை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. எங்கள் பக்கத்து மஸ்கெலியாத் தொகுதியும் அவற்றில் ஒன்று. அடுத்தடுத்து வந்தவை 1948இன் 18ஆம் இலக்கச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும். இவ்விடத்தில் நம்மவர்கள் மறந்துவிடும் ஒரு விடயமுண்டு. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் என்பதாகும். குடிசன மதிப்பீடு ‘இந்தியச் சோனகர்’ என்று குறித்த வியாபாரிகளும் அதன் வாசலில் மனுவோடு நிற்க வேண்டியவர்களானார்கள். மலைநாட்டுப் பஸார்களில் தமிழகத்துக் கரையோர ஊர்களிலிருந்து வந்து கடை வைத்திருந்தோர் பலர். பிரஜாவுரிமைப் பிரச்சினையை நாம் ‘தோட்டத்துப் பிரச்சினை’ என்று தள்ளிவைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1988இன் 39ஆம் இலக்கச் சட்டம், 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் என்று அந்தப் பெரிய கதை நீண்டது. அதை இங்கே விரிக்கவில்லை.

சின்ன வாக்குக்கு வருவோம். கிராமச் சபைகள் 1981இல் இல்லாமற் போயின. 1987இன் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளைத் தோற்றுவித்தது. 1991 மே மாதம் அவற்றுக்கான முதலாவது தேர்தல் நடந்தபோது, பிரஜாவுரிமை பெற்றிருந்த தோட்ட மக்கள் வரிசையில் நின்று வாக்களித்தார்கள். அவர்களது உறுப்பினர்கள் சபைகளில் அமர்ந்தார்கள். இத்தோடு குறை தீர்ந்திருக்க வேண்டும்.

தீரவில்லை. அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் பணத்தைச் செலவிட முடியாது என்பதாக விளங்கிக்கொள்ளப்பட்டது. தோட்டம் தனியார் இடமாம். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் அரசு எடுத்துக்கொண்ட நிலம் அது. 1992இல் நிர்வாகத்துக்காகக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. அரசின் நிலத்தில், அரசின் பிரஜைகளுக்கு, அரசின் சட்டத்தால் உண்டான சபை ஒரு மதகு கட்டிக் கொடுக்கத் தயங்கியது. வாக்குக் கேட்டு லயத்துக்குப் போன உறுப்பினர், வென்ற பிறகு அதே லயத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோக முடியாமல் நின்றார். தபாற்காரரும் கடிதக் கட்டைத் தோட்டத்து ஒபிசில் வைத்துவிட்டுப் போகிறவர்தானே.

இன்னொன்று, சபையின் அளவு. நோட்டன் பிரிட்ஜ் உள்ளிட்ட பழைய அம்பகமுவ பிரதேச சபையின் எல்லைக்குள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தார்கள். நெடுந்தீவில் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்களுக்கு ஒரு பிரதேச சபை உண்டு. நெடுந்தீவாருக்கு அது வேண்டியதே. கடல் நடுவே கிடக்கும் ஊர். ஆனால் நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் ஒரு சபை இத்தனை பெரிதாயிருந்ததற்கு என்ன நியாயம் சொல்வது? 2018 தேர்தலுக்கு முன்னர்தான் அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என மூன்றாக அது பிரிக்கப்பட்டது. நுவரெலியா பிரதேச சபையும் அவ்வாறே மூன்றாயிற்று.

ஆசிரியர் தொழிலில் தேர்தல் கடமை தவிர்க்க முடியாதது. 2018 பெப்ரவரி 10 அன்று ஒரு தோட்டப் பாடசாலையின் வாக்குச் சாவடியில் இருந்தேன். விரலில் மை பூசிய கையைப் பார்த்துக்கொண்டே வயதான தாயொருவர், “இது பெரிய ஓட்டா சின்ன ஓட்டா, சேர்?” என்று கேட்டார். சின்னது என்றேன். “அப்ப ரோட்டுக்கு” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். உள்ளூராட்சியைப் பற்றி ஆசிரியர் கலாசாலையில் நான் மனப்பாடம் செய்த வரைவிலக்கணங்கள் எதுவும் அவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

அந்த ஆண்டில்தான் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளின் பாதை, தண்ணீர் போன்ற பொது வசதிகளுக்குச் சபை நிதியைச் செலவிட வழி பிறந்தது. முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு!

திறந்த கதவால் நடக்கப் போதிய காலம் கிடைத்ததா என்றால், அதுவும் இல்லை. சபைகளின் காலம் ஒரு வருடம் நீடிக்கப்பட்டு 2023 மார்ச்சில் முடிந்தது. அம்மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் மீண்டும் வாக்குப் பெட்டி வந்தது. இடைப்பட்ட இரண்டு வருடங்களும் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவருமின்றி அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். நாடு முழுவதற்கும் அது பொதுவான இழப்பு. ஆனால் கொழும்பில் சபை இல்லாத இரண்டு வருடங்களும், எண்பது வருடக் காத்திருப்பின் பின்னர் சபை வந்து சேர்ந்த தோட்டத்தில் அது இல்லாத இரண்டு வருடங்களும் ஒரே அளவானவையல்ல.

திருத்திய சட்டத்தின்படியும் தோட்ட நிர்வாகத்தோடு கலந்தாலோசித்தே சபை வேலையைத் தொடங்க வேண்டும். ஆகவே தார் முடிகின்ற இடத்திலிருந்து மேலே போவதற்கான கடிதம் இன்றும் தவிசாளரின் மேசையிலிருந்து துரையின் ஒபிசுக்குப் போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.