பகிர்ந்த பணிப்பட்டியல்: தொலைவிலிருந்து ஊர்வேலை செய்யும் குழுக்களுக்கு

ஊர்ப் பாடசாலை ஒன்றுக்கு மலசலகூடம் கட்டுவதற்காக ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து நாம் 11 பேர் சேர்ந்தோம். காசு இரண்டு கிழமையில் சேர்ந்துவிட்டது. வேலை தொடங்க முதல் ஐப்பசி மழை வந்துவிட்டது. விலைக்கூறுகளை ஒப்பிட்டு மேசனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது எங்களில் எவருக்கும் தெரியாமல் இருந்ததுதான் காரணம். வட்ஸ்அப் குழுவில் "பாப்பம்", "செய்வம்" என்று செய்திகள் நிறைய இருந்தன. இடையிடையே பிறந்தநாள் வாழ்த்துகளும் மரண அறிவித்தலும்.

அதன் பிறகே பகிர்ந்த பணிப்பட்டியலுக்கு மாறினோம். இணையத்தில் இருக்கும் ஒரே பட்டியலை எல்லோரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ட்ரெல்லோ, அசானா, மைக்ரோசொப்ட் டூ டூ எனச் செயலிகள் பல உண்டு. ட்ரெல்லோவின் இலவசப் பதிப்பில் 10 பேர் வரையே சேரலாம் என்பதால் நாம் கூகுள் ஷீட்ஸையே எடுத்தோம். அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

வேலைகளை "செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை" என்று பிரிக்கும் வழக்கம் ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ உருவாக்கிய கன்பான் அட்டை முறையிலிருந்து வந்தது. நாம் "காத்திருப்பவை" என்று நான்காவது நிரலையும் சேர்த்தோம். அதுவே அதிகம் உதவியது. வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி, வங்கியின் பதில் என்று ஊர்வேலையில் பாதி நாள் காத்திருப்பில்தான் போகிறது. எது யாரிடம் நிற்கிறது என்று தெரிந்தால் ஒருவரை ஒருவர் குறை சொல்வது நின்றுவிடும்.

"மேசன் விடயம்" என்று எழுதினால் அது வேலை அல்ல. "மூன்று விலைக்கூறுகளையும் ஒப்பிட்டு அதிபருக்கு அனுப்புதல்" என்று எழுத வேண்டும். பக்கத்தில் ஒரே ஒரு பெயர், ஒரு திகதி. இரண்டு பெயர் போட்டால் இருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். நேரத்தை இலங்கை நேரத்திலேயே குறிப்பது நல்லது. யாழ்ப்பாணத்தில் இரவு 8 மணி என்றால் குளிர்காலத்தில் இலண்டனில் பிற்பகல் 2.30, ரொறன்ரோவில் காலை 9.30. கோடையில் இங்கே மணிக்கூடு ஒரு மணி நேரம் முன்னே போகும், அங்கே மாறாது.

செயலி என்றாலே ஒதுங்கும் பெரியவர்களை விட்டுவிட முடியாது, ஊரில் ஆளறிந்தவர்கள் அவர்கள்தான். எங்கள் குழுவில் இளையவர் ஒருவர் ஞாயிறுதோறும் அவர்களுக்குத் தொலைபேசியில் பட்டியலை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிகிறார்.

மிகக் கவனம் தேவைப்படுவது பாதுகாப்பில். "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்று விட்டால், யாரோ முன்னனுப்பிய இணைப்பின் வழியே முன்பின் தெரியாதவரும் பட்டியலைத் திறக்கலாம். ஊரிலுள்ளவரின் அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, தொலைபேசி இலக்கம் எதையும் அதில் எழுதுவதில்லை. வெளிநாட்டுக் காசு தமக்கு வருவதை மற்றவர் அறிவதை விரும்பாத குடும்பங்கள் உண்டு. அப்படியான விபரங்களும் பற்றுச்சீட்டுகளும் பொருளாளரிடம் தனிக் கோப்பில் இருக்கின்றன. குழுவை விட்டு விலகுபவரின் அனுமதியை அன்றே நீக்கிவிடுகிறோம்.

செயலிகளும் நிலையானவை அல்ல. பலர் விரும்பிப் பாவித்த வுண்டர்லிஸ்டை மைக்ரோசொப்ட் 2015இல் வாங்கி, 2020 மே மாதத்தில் மூடியது. ஆகவே மாதம் ஒருமுறை பட்டியலின் பிரதியை இறக்கி, பொருளாளரின் கணினியில் வைத்துக்கொள்கிறோம்.