மானுக்கு வந்த ஜுரம்

ஸ்டாக் என்றால் கொம்புள்ள ஆண் மான். 1970-ல் பிரிட்டனின் ட்ரையம்ஃப் கம்பெனி அந்தப் பெயரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை இறக்கியது. 3 லிட்டர் வி-8 இன்ஜின். அது உறுமினால் தெருவே திரும்பிப் பார்க்கும்!

ஆனால், வாங்கியவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது வேறொரு சத்தத்தை. கடகடவென்று டைமிங் செயின்! அது தளர்ந்து நழுவினால் வால்வும் பிஸ்டனும் மோதி, இன்ஜின் காலி. போதாக்குறைக்கு, வாட்டர் பம்ப்பை இன்ஜினின் உச்சியில் வைத்துவிட்டார்கள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலே பம்ப் சும்மா சுற்றும். மானுக்கு ஜுரம் வரும். சூட்டில் அலுமினிய சிலிண்டர் ஹெட் கோணிக்கொள்ளும்.

ட்ரையம்ஃபின் முதலாளி யார் தெரியுமா? நம்ம எண்ணூர் அசோக் லேலண்டில் அப்போது பங்கு வைத்திருந்த அதே பிரிட்டிஷ் லேலண்ட்தான்! இத்தனைக்கும், நம்பகமான ரோவர் வி-8 இன்ஜின் அவர்கள் கையிலேயே இருந்தது. கம்பெனி பொருத்தாததை, உரிமையாளர்கள் பலர் சொந்தக் காசில் வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். 25,877 கார்களோடு 1977-ல் தயாரிப்பு நின்றது.

சிலர் மட்டும் பழைய இன்ஜினை விடவில்லை. ரேடியேட்டரைச் சுத்தமாக வைத்து, செயினைக் காலாகாலத்தில் மாற்றிப் பார்த்தார்கள். மான் ஓடியது! ஆயிரக்கணக்கான ஸ்டாக்குகள் இன்றும் பிழைத்திருக்கின்றன.

கம்பெனி மிச்சம் பிடித்த சோதனைச் செலவு எங்கேயும் போய்விடாது. வாங்கியவர் கணக்கில் பற்று எழுதப்படும், அவ்வளவுதான்!